தும்பியும் வேலனும் ஒரே பெட்டியில்

மூன்றாவது ஆட்டத்திலும் தும்பி தோற்றதும் சம்பந்தம் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணுக்கு மூணும் போச்சு. மீதி ஏழும் ஆடித்தான் ஆகணுமாம்மா?"

"ஆடணும் சார். பத்து ஆட்டம்னுதானே பேச்சு," என்றாள் மெட்டில்டா. அவள் கை மேஜைக்கடியில் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது.

"சரி, திங்கட்கிழமை பார்ப்போம்," என்று அவர் எழுந்து போனார். பக்கத்து நாற்காலியில் ஜெயவேலு கம்ப்யூட்டரிலிருந்து தன் ஃப்ளாப்பியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட இவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தொண்ணூற்றாறாம் வருஷம். மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் சம்பந்தம் சாரின் கம்பெனி இருந்தது. பள்ளிக்கூடங்களுக்கு ஃப்ளாப்பி தயாரித்து விற்பார்கள். வாய்ப்பாடு, இந்தியா மேப், ஆங்கில ஸ்பெல்லிங் என்று பிள்ளைகள் விளையாடிக்கொண்டே படிக்கிற சமாச்சாரங்கள். திரும்பிய பக்கமெல்லாம் பிள்ளைகள் செஸ் போர்டும் கையுமாகத் திரிந்த காலம் அது. இந்தத் தடவை ஒரு செஸ் ஃப்ளாப்பி போட்டால் நன்றாகப் போகும் என்று சாருக்குத் தோன்றியது. அந்த வேலையை ஜெயவேலுவிடம் கொடுத்தார். ஆபீசிலேயே சொந்தமாக வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். மெட்டில்டாவுக்கு ஸ்பெல்லிங் விளையாட்டு கிடைத்தது.

அவள் ஸ்பெல்லிங் விளையாட்டைச் சொன்ன தேதிக்கு முன்பே முடித்துவிட்டாள். முடித்துவிட்டு, யாரும் கேட்காமலே, செஸ்ஸையும் எழுதத் தொடங்கினாள். காலேஜில் அவள் மாநில அளவில் ஆடியவள். சிட்லபாக்கத்தில் வீடு, சமைத்து, துவைத்து, சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் பிடித்து வருகிறவளுக்கு ஓய்வு என்று இருந்தது மதியச் சாப்பாட்டு நேரம் மட்டும். தயிர்சாத டப்பாவை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் டைப் அடித்தாள். ஏரிக்கரைப் பக்கம் மழைக்கு முன் பறக்கிற தும்பியின் பெயரைத் தன் புரோகிராமுக்கு வைத்தாள். ஜெயவேலு தன்னுடையதற்குத் தன் பெயரில் பாதியையே வைத்திருந்தான், வேலன் என்று.

ஒரு நாள் அவள் தும்பியைக் கொண்டுபோய் சாரின் மேஜையில் வைத்தாள். சாருக்கு தர்மசங்கடம். கொடுத்த வேலையைப் பிடுங்கவும் முடியாது, எழுதி வந்ததைத் தள்ளவும் மனசில்லை.

"ரெண்டையும் மோத விடுவோம். எது ஜெயிக்குதோ அது ஃப்ளாப்பியில போகும்," என்றார்.

"ரெண்டும் ஒரே மெஷின்ல ஓடணும் சார். வேற வேற மெஷின்னா வேகம் வித்தியாசப்படும். ஒரே மெஷின்னாத்தான் நியாயம்," என்று கேட்டு வாங்கியவளும் மெட்டில்டாதான்.

அப்படித்தான் ஆபீசுக்குப் புதிதாக வந்த பென்டியம் கம்ப்யூட்டரில் போட்டி ஆரம்பமானது. திரையில் இரண்டு ஜன்னல்கள். இடது பக்கம் தும்பி, வலது பக்கம் வேலன். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அரை நிமிஷம். தும்பி ஒரு காயை நகர்த்தினால் அதை ஜெயவேலு வேலனின் ஜன்னலில் அடிப்பான். வேலன் பதிலுக்கு நகர்த்தினால் அதை மெட்டில்டா தும்பிக்கு அடித்துச் சொல்வாள். மனிதர்கள் இருவரும் தபால்காரர்கள்தான். யோசிப்பதெல்லாம் உள்ளே இருக்கிற இரண்டும்.

வெள்ளிக்கிழமை ஆடிய மூன்று ஆட்டத்திலும் தும்பி யோசித்த லட்சணம் மெட்டில்டாவுக்குப் பிடிபடவே இல்லை. அதிலும் இரண்டாவது ஆட்டம். ஒரு சிப்பாய்க்கு ஆசைப்பட்டுத் தன் குதிரையைக் கொண்டுபோய்ப் பொறியில் நிறுத்தியது. நாலு நகர்த்தல் தள்ளிக் குதிரை போய்விடும் என்பது அவள் கண்ணுக்கே தெரிந்தது. அவள் எழுதிய தும்பிக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். வந்ததும் வராததுமாக அந்தக் குதிரை நின்ற நிலையைப் பழைய மெஷினில் அடுக்கி, நேர வரம்பு வைக்காமல் தும்பியை யோசிக்கச் சொன்னாள். இரண்டு நிமிஷம் ஆனதும் தும்பி சிப்பாயை விட்டுவிட்டுக் குதிரையைப் பின்னுக்கு இழுத்தது. பொறியைக் கண்டுகொண்டுவிட்டது!

மெட்டில்டா நகத்தைக் கடித்தாள். பழைய மெஷின் ஆமை. அதிலேயே இரண்டு நிமிஷத்தில் தெரிந்தது, பல மடங்கு வேகமான பென்டியத்தில் ஏன் தெரியாமல் போனது? எழுந்துபோய்ப் பென்டியத்தில் அதே நிலையை அடுக்கினாள். தும்பி இருபது நொடியில் குதிரையை இழுத்தது. திரும்ப ஓட்டினாள். திரும்பவும் அதே.

அதே மெஷின், அதே புரோகிராம், அதே நிலை. நேற்று முட்டாளாக இருந்தது இன்று புத்திசாலியாக இருக்கிறது. நேற்றைக்கும் இன்றைக்கும் என்னதான் வித்தியாசம் என்று அவள் திரையையே வெறித்துப் பார்த்தாள். இடது பக்கம் தும்பியின் ஜன்னல். வலது பக்கம் வெறும் நீலம்.

நேற்று அங்கே வேலன் இருந்தது.

வேலனின் ஃப்ளாப்பி ஜெயவேலுவின் பையில். அவன் அன்றைக்கு லீவு. திங்கட்கிழமை சார் வந்ததும் நாலாவது ஆட்டத்தைத் தொடங்கச் சொல்வார். சோதித்துப் பார்க்கிறேன், ஒரு மணி நேரம் கொடுங்கள் என்றால் தோற்றவள் சாக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார். மெட்டில்டா மெஷினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கும்போதே முடிவு செய்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் புருஷனிடம் சொன்னாள். அசரியா ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தான்.

"எங்க, இரும்புலியூருக்கா? அந்த ஜெயவேலு வீட்டுக்கா?" அசரியா ஸ்கூட்டரைச் சாய்த்துப் பிடித்தபடி நின்றான். "உன்னைத் தோக்கடிச்சவன் வீட்டுக்குப் போய் என்ன கேக்கப் போற?"

"அவர் மெஷின்ல என் புரோகிராமை ஓட்டிப் பாக்கணும்."

"அவன் எதுக்கு விடுவான்?"

"கேட்டாத்தானே தெரியும். நீங்க வண்டியை எடுங்க."

அசரியா எடுத்தான். பத்து வருஷக் கல்யாணத்தில் எந்தக் குரலுக்கு மறுபேச்சு பேசலாம், எதற்குப் பேசக்கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஜெயவேலுவின் வீடு. சுற்றிலும் அவர்கள் நெல் விளைத்த நிலம். இப்போது முழுக்க பிளாட்டு போட்டுக் கல் நட்டிருந்தார்கள். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அவன் அம்மா பொன்னியம்மாள் இவர்களைப் பார்த்ததும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாம்மா, வாப்பா. டேய் ஜெயவேலு! உங்க ஆபீஸ் பொண்ணு வந்துகீது பாரு!"

ஜெயவேலு லுங்கியோடு வந்தவன் மெட்டில்டாவைக் கண்டதும் உள்ளே ஓடி பேண்ட் மாட்டிக்கொண்டு வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது.

"தோத்தது உங்க புரோகிராம். அதுக்கு என் மெஷின்ல என்ன சோதனை?"

"நேத்து ஆபீஸ்ல தனியா ஓட்டினேன். வெள்ளிக்கிழமை கோட்டை விட்டதை இருபது நொடியில கண்டுபிடிக்குது. வேலன் பக்கத்துல ஓடறப்ப மட்டும் தடுமாறுது. ஏன்னு தெரியணும் ஜெயவேலு."

"வேலன் என்ன, சூனியமா வெக்கறான்?"

"தப்பு என் பேர்லன்னு தெரிஞ்சா நானே நாளைக்கு சார்கிட்ட சொல்லிடறேன், வேலனையே போட்டுக்குங்கன்னு. மீதி ஏழு ஆட்டமும் வேண்டாம். ஆனா தெரிஞ்சுக்காம நான் போக மாட்டேன்."

அவன், "வாங்க," என்று அறைக்குள் போனான். அசரியா நாற்காலியை இழுத்துப்போட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொள்ள, பொன்னியம்மாள் டீ போடப் போனாள்.

தும்பி யோசிக்கும்போது திரை ஓரத்தில் ஒரு எண் ஓடும். ஒரு நொடியில் எத்தனை நிலைகளைப் பார்த்து முடித்தது என்கிற எண். முதலில் தும்பியைத் தனியாக ஓட்டினார்கள். எண் நாலாயிரத்துக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு வேலனையும் திறந்து, போட்டியில் செய்தது போலவே வேலனை ஒரு காய் நகர்த்த வைத்து, அதைத் தும்பிக்கு அடித்தார்கள். இப்போது தும்பியின் முறை. வேலன் காத்திருக்க வேண்டிய நேரம்.

எண் விழுந்தது. மூவாயிரம். அப்புறம் இரண்டாயிரத்துக்கும் கீழே. அங்கேயே நின்றுவிட்டது.

ஜெயவேலு வேலனின் ஜன்னலை மூடினான். எண் நாலாயிரத்துக்கு ஏறியது. திறந்தான். விழுந்தது.

"வேலன் இப்ப என்ன பண்றான்?" என்று கேட்டாள் மெட்டில்டா.

ஜெயவேலு உதட்டை நனைத்துக்கொண்டான். "யோசிக்கிறான்."

"என் முறையில எதுக்கு யோசிக்கிறான்?"

"எதிராளி யோசிக்கும்போது நாமளும் சும்மா இருக்கக் கூடாதில்ல. அவன் இதை ஆடுவான், அதுக்கு நாம இதை ஆடலாம்னு முன்கூட்டியே பாத்து வெச்சுக்கும். மனுஷனும் அப்படித்தானே ஆடறான்? அதை எழுத எனக்கு ஒரு மாசம் ஆச்சு மெட்டில்டா."

"மனுஷனுக்கு ஆளுக்கொரு தலை இருக்கு. இங்க ரெண்டுக்கும் சேர்த்து ஒரே தலை. உங்க வேலன் என் நேரத்துல யோசிக்கிறப்ப என் தும்பியோட மூளையில பாதியை எடுத்துக்குது. உங்க நேரத்துல என்னுது சும்மா கிடக்குது. உங்களுக்கு முழுசு, எனக்குப் பாதி. அப்புறம் எப்படி ஜெயிக்கும்?"

"நான் வேணும்னு பண்ணல. சத்தியமா எனக்கு இது தோணவே இல்ல."

"நான் நம்பறேன். அணைச்சுட்டு ஆடலாம்ல?"

அவன் சட்டென்று நிமிர்ந்தான். "அதெப்படி? அது என் புரோகிராமோட திறமை. உங்களுக்கு எழுதத் தெரியலன்னா நான் எதுக்கு அணைக்கணும்?"

"எழுதத் தெரியாம இல்ல. ஒரே மெஷின்ல ஆடப்போறோம்னு தெரிஞ்சு எழுதல."

"ஒரே மெஷின் வேணும்னு கேட்டது நீங்கதானே!"

கேட்டது அவள்தான். ஃப்ளாப்பியை எடுத்துப் பையில் போட்டாள். "நாளைக்கு சார் முன்னாடி இதையே ஓட்டிக் காட்டுவேன். உங்களுக்குத் தெரியாம பண்ணக் கூடாதுன்னுதான் இப்பவே சொல்லிட்டுப் போறேன்."

கூடத்தில் அசரியா இரண்டாவது டம்ளர் டீ குடித்துக்கொண்டிருந்தான். பொன்னியம்மாள் மெட்டில்டாவுக்கும் ஒன்று நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, நின்றபடியே வாங்கிக் குடித்தாள்.

"இந்த டப்பாவை வாங்கினதுலேர்ந்து அவங்கப்பா இவன்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசறதில்லம்மா," என்றாள் பொன்னியம்மாள், குரலைத் தணித்து. "இன்னா பிரயோசனம், இன்னா பிரயோசனம்னு கேட்டுகினே இருப்பாரு. வெள்ளிக்கெழம வூட்டுக்கு வந்து, போட்டியில ஜெயிச்சுகினு இருக்கேன்பான்னான். அன்னிக்குத்தான் அப்பனும் புள்ளயும் ஒண்ணா குந்தி சாப்டாங்க."

திரும்பி வரும் வழியில் சானடோரியம் தாண்டியதும் அசரியா தலையைத் திருப்பாமலே கேட்டான், "என்ன, விட்டுக்குடுத்துடலாம்னு பாக்கறியா?"

"இல்ல," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சங்கடமா இருக்கு. ஆனா இல்ல."

திங்கட்கிழமை காலையில் சார் காபி குடித்து முடிப்பதற்குள் அவள் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தாள். ஜெயவேலு கேட்டதும் வேலனின் ஃப்ளாப்பியைக் கொடுத்துவிட்டான். கொடுத்துவிட்டு ஜன்னலோரமாகப் போய் நின்றுகொண்டான். மெட்டில்டா வேலனைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். எண் விழுந்து எழுவதைச் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அதாவது, இவன் புரோகிராம் உன் புரோகிராமைத் தூங்க விடாம தொந்தரவு பண்ணுது."

"தூங்க இல்ல சார். யோசிக்க விடாம."

"ஏன்ப்பா ஜெயவேலு, அப்படியா?"

ஜெயவேலு தெருவைப் பார்த்தபடி, "ஆமா சார்," என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சொன்ன வாதம் எதையும் அவன் சார் முன்னால் எடுக்கவில்லை என்பதை மெட்டில்டா கவனித்தாள்.

சார் தாடையைத் தடவினார். "சரி. இனிமே அதை அணைச்சுட்டு ஆடுங்க. ஆனா ஆடின மூணு ஆட்டம் ஆடினதுதான். புதன்கிழமை ஃப்ளாப்பி காப்பி போடக் குடுத்தாகணும். முதல்லேர்ந்து ஆட எனக்கு நேரம் இல்லம்மா."

"சார், அந்த மூணும் பாதி மூளையோட ஆடினது. அதை எப்படிக் கணக்குல சேர்ப்பீங்க?"

"அப்படிச் செய்யக் கூடாதுன்னு யாரும் சட்டம் போடலையே. போடாதது உங்க ரெண்டு பேர் தப்பும்தான்."

அவள் விடாமல் பேசிப் பார்த்தாள். சார் ஃபோனை எடுத்து யாருக்கோ டயல் செய்யத் தொடங்கிவிட்டார். மூன்று புள்ளி பின்தங்கி, ஏழு ஆட்டம் மீதி. மெட்டில்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வாங்க ஜெயவேலு. ஆரம்பிக்கலாம்."

நாலாவது ஆட்டம் டிரா. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஐந்தாவதில் தும்பி வேலனின் யானையைச் சுற்றி வளைத்துப் பிடித்தது. ஆறாவதிலும் தும்பிக்கே வெற்றி. வேலன் லேசுப்பட்டதில்லை என்பது ஏழாவதில் தெரிந்தது. ராணியைக் கொடுத்து இரண்டு யானைகளை வாங்கி, சாவகாசமாகத் தும்பியை மூச்சுத் திணற அடித்துச் சாய்த்தது. மெட்டில்டாவே, "அய்யோ, அழகு!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். ஜெயவேலு முதல் முறையாகச் சிரித்தான். அதோடு அன்றைய ஆபீஸ் நேரம் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை எட்டாவதையும் ஒன்பதாவதையும் தும்பி ஜெயித்தது. பத்தாவது, காய்கள் எல்லாம் அடிபட்டு இரண்டு ராஜாக்கள் மட்டும் மிஞ்சி, டிராவில் போய் நின்றது. கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு ஐந்து. சரிசமம்.

சார் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு ரூபாய்க் காசை எடுத்தார். "தலையா பூவா போட்டு முடிச்சுடலாம்."

"வேண்டாம் சார்," என்றாள் மெட்டில்டா. "சோத்து டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டு எழுதினது, காசு சுண்டி முடிவு பண்றதுக்கு இல்ல. இன்னொரு ஆட்டம் ஆடறோம். தோத்தா ஒத்துக்கறேன்."

"மணி என்ன ஆகுது தெரியுமா? ஜெயவேலு, நீ என்ன சொல்ற? காசு போட்டா உனக்கும் பாதி சான்ஸ் இருக்கு."

ஜெயவேலு வேலனின் ஜன்னலில் புது ஆட்டத்துக்குக் காய்களை அடுக்கினான்.

"எங்கப்பாகிட்ட ஜெயிச்சுகினு இருக்கேன்னு சொல்லிட்டேன் சார். காசு சுண்டி ஜெயிச்சேன்னு போய்ச் சொல்ல முடியாது. ஆடறோம்."

பதினோராவது ஆட்டத்துக்குத் தும்பி வெள்ளை. யார் பக்கம் சாய்கிறது என்றே தெரியாமல் வெகுநேரம் போனது. கீழே மருந்துக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஏறி வந்து சாரின் பக்கத்தில் நின்றுகொண்டார். ராணிகள் போயின. மந்திரிகள் போயின. கடைசியில் ஆளுக்கொரு யானை, சில சிப்பாய்கள். தும்பிக்கு ஒரு சிப்பாய் அதிகம். வேலனின் யானை விடாமல் பின்னாலிருந்து செக் வைத்துக்கொண்டே இருந்தது. தும்பியின் ராஜா இங்கும் அங்குமாக நகர்ந்தது.

இப்படியே ஒரே நிலை மூன்று தடவை வந்தால் டிரா. அந்த விதியை மெட்டில்டா தும்பிக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். ஜெயிக்கிற பக்கம் அதைத் தவிர்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். ஆனால் புரோகிராமில் அந்த இடம் சரியாக வேலை செய்கிறதா என்று ஒரு நாளும் தீர சோதித்ததில்லை. ஒரே நிலை இரண்டு தடவை வந்துவிட்டது. தும்பி யோசித்தது. ஒருமுறை நகர்த்திய காயைத் திரும்ப எடுக்க முடியாது; உள்ளே போய் உதவவும் முடியாது. எழுதியவள் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

அரை நிமிஷம் ஓடியது. தும்பி ராஜாவைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகவில்லை. யானையைக் குறுக்கே விட்டுச் செக்கை மறைத்தது. வேலன் அந்த யானையை அடித்தால் தும்பியின் சிப்பாய் திருப்பி அடித்து ஓடிவிடும், அடிக்காவிட்டாலும் ஓடிவிடும்.

ஜெயவேலு அந்த நகர்த்தலை அடிப்பதற்கு முன் ஒரு கணம் விரலை அந்தரத்தில் வைத்திருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. இருந்தும் ஒழுங்காக அடித்தான். வேலன் யானையை அடித்தது. தும்பி திருப்பி அடித்தது. அதன் பிறகு நடந்ததெல்லாம் மருந்துக்கடைக்காரருக்கே புரிகிற மாதிரி இருந்தது.

சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போய் ராணியானதும் சார் காசைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "தும்பிதான் போகும்," என்றார்.

மெட்டில்டா தலையைக் குனிந்துகொண்டாள். அழுகை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. மாநிலப் போட்டியில் ஜெயித்தபோதுகூட இப்படி இருந்ததில்லை.

"அந்த யானையைக் குறுக்க விட்டதை எப்படிங்க கண்டுபிடிச்சுது?" ஜெயவேலு இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கே தெரியல. அந்த இடம் வேலை செய்யுமான்னு பயந்துகிட்டே இருந்தேன்."

"அதைக் காட்டுவீங்களா?"

"காட்டறேன். நீங்க வேலனுக்குப் பண்ணியிருக்கிற அந்த முன்யோசனையை எனக்குக் காட்டணும். பிள்ளைங்க வீட்டுல தனியா ஆடும்போது அது இருந்தா நல்லா இருக்கும்."

அவன் கொஞ்சம் தயங்கினான். அது ஒரு மாத உழைப்பு. "ஃப்ளாப்பியில என் பேரும் வரணும்," என்றான்.

"வரும். என் பேருக்குக் கீழ."

ஜெயவேலு தலையாட்டினான். மறுநாள் காலை இருவரும் சீக்கிரமே வந்து, மத்தியானத்துக்குள் வேலனின் முன்யோசனையைத் தும்பிக்குள் கோத்துவிட்டார்கள். சார் வந்து பார்த்துவிட்டு, தும்பி என்பது ஒரு பேரா, கம்பீரமாக வேறு ஏதாவது வைக்கலாமே என்றார். மெட்டில்டா முடியாது என்று சொல்லிவிட்டாள். காப்பி போடுகிற ஆள் கீழே ஆட்டோவில் காத்துக்கொண்டிருந்தான். அவள் ஃப்ளாப்பியின் மேல் லேபிளை ஒட்டி, காற்றுக்குமிழ் இல்லாமல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, தானே படியிறங்கிப் போய் அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.